டிக்ளேர் பண்ணாத நெஞ்சு

1

இதை நான் எழுதவில்லை. மூணாங்கிளாஸில் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஓடி வந்தவன் எங்கே எழுதுவது? போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. நான் "போயிட்டேன்" என்றால் அது "போய்விட்டேன்" என்று போடுகிறது. அறுபத்தாறு வயதில் எனக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. ஆளுக்குக் கையில்லை, அதனால் பிரம்பும் இல்லை. அந்தமட்டில் நிம்மதி.

என் பேர் மாரிமுத்து. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. இப்போது ஈசூனில் ஒன்பதாவது மாடியில் நானும் என் மனைவி சரோஜாவும் இருக்கிறோம். என் நெஞ்சுக்குள்ளே ஒரு மெஷின் வைத்து நேற்றோடு ஒரு வருஷம். அதற்குப் பிறந்தநாள் கொண்டாடினோமா என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் செக்கப் இருந்தது, போய்விட்டு வந்தோம். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

ஊரிலிருந்து போன் பேசுகிற நீங்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அங்க எல்லாமே மெஷினாமே, தொட்டா வேலை நடக்குமாமே, சொகுசுதான் போ." ஆமாம், தொட்டால் நடக்கும். தொடாவிட்டாலும் நடக்கும், பயம் அதுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பயந்துபோய் இருக்கிறேன். சிரித்துச் சிரித்துச் சொல்கிறானே, இவனுக்கு என்ன பயம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயம் வந்தால் கால் நடுங்குவதற்கு முன்னால் வாய் ஆட ஆரம்பித்துவிடும்.

2

எங்கள் பிளாக்குக்குக் கீழே ஒரு கோப்பிக் கடை உண்டு. போன வருஷம் ஒரு நாள் காலையில் தட்டில் இரண்டு கோப்பியை வைத்துக்கொண்டு மேசைக்கு வந்துகொண்டிருந்தேன். அடுத்து நான் பார்த்தது தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி. நடுவில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கையிலிருந்த வாட்சுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வாட்ச் என் மகள் பிரியா வாங்கிக் கொடுத்தது. அவள் புங்கோலில் இருக்கிறாள், நகரத்தில் ஆபீஸ் வேலை. நான் இன்னும் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை, சட்டைப் பையில் போன் கத்துகிறது.

"அப்பா! ஆர் யூ ஓகே? விழுந்துட்டீங்களா?"

"யாரும்மா சொன்னது?"

"உங்க வாட்ச் எனக்கு மெசேஜ் அனுப்பிருக்கு."

யோசித்துப் பாருங்கள். பக்கத்து மேசையில் மீ கோரெங் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த சீனத் தாத்தா அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார். இரண்டடி தூரத்தில் இருக்கிற மனுஷருக்குத் தெரியும் முன்னால், எங்கேயோ இருபதாவது மாடியில் மீட்டிங்கில் இருக்கிற மகளுக்குத் தெரிந்துவிட்டது. என் கையில் கட்டியிருப்பது வாட்சா, கோள்சொல்லியா?

பிரியாவைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் அவள் என்னோடு பேசுவதைவிட என் வாட்சோடு பேசுவதுதான் அதிகம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ஆனாலும் காலையில் மெசேஜ் வரும்: "நேத்து ஆயிரம் ஸ்டெப்தான் நடந்திருக்கீங்க, வெரி பேட்." நான் எங்கே நடந்தேன், யாரைப் பார்த்தேன் என்று அவள் கேட்டதில்லை. எத்தனை எட்டு என்று மட்டும் தெரியும். நானும் ஒருநாள் சோபாவில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி ஆட்டி மூவாயிரம் எட்டு ஏற்றிக் காட்டினேன். "குட் ஜாப் பா" என்று வந்தது. தோள்பட்டைதான் இரண்டு நாள் வலித்தது.

அப்புறம் பாலிகிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. இங்கே ஆஸ்பத்திரி வாசலில் வாங்க என்று சொல்ல ஆள் கிடையாது. தூண் மாதிரி ஒரு மெஷின் நிற்கும். அடையாள அட்டையைக் காட்டினால் அது ஒரு நம்பர் துப்பும். எனக்கு முன்னால் நின்ற மலாய்க்கார அம்மாவுக்குத் துப்பியது, எனக்குப் பின்னால் நின்றவருக்கும் துப்பியது. எனக்கு மட்டும் மாட்டேன் என்றது. அட்டையைப் பின்பக்கம் வைத்துக் காட்டியிருக்கிறேன். சரோஜா திருப்பி வைத்தாள்.

"நாப்பது வருஷமா அட்டை வச்சிருக்கீங்க, எந்தப் பக்கம் மூஞ்சின்னு தெரியலயே லா."

உள்ளே போனால் ஒரு பாரம். அதில் ஒரு கேள்வி: உங்கள் உடலுக்குள் ஏதாவது கருவி உள்ளதா? சரோஜா படித்துக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் என் வாழ்க்கையில் இந்தக் கேள்வியைக் யூனிபார்ம் போட்டவர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் உண்மையைச் சொன்னதில்லை.

3

இளவட்டமாக இருந்தபோது நான் குருவி. மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் பறந்து பறந்து அடுத்தவர் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பேர். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டில் காதர் பாய் கடைதான் எனக்குக் கூடு. நாகூர்க்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருக்கிற டூ இன் ஒன் பெட்டி, கால்குலேட்டர், எலக்ட்ரானிக் வாட்ச் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். டூ இன் ஒன்னைத் தோளில் வைத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது, மாட்டுக்குக் கட்டை கட்டினமாதிரி இருக்கும். ஒரு கேசட்டில் பத்துப் பாட்டு. அந்தப் பத்துப் பாட்டுக்கு அவ்வளவு பெரிய பெட்டி. இப்போது என் போனில் எத்தனை ஆயிரம் பாட்டு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதைப் பின்பாக்கெட்டில் வைத்து மேலே உட்கார்ந்துகொள்கிறேன்.

காதர் பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்று. "மாரி, நீ டிக்ளேர் பண்ணாத வரைக்கும் சாமானே கிடையாதுடா. கஸ்டம்ஸ்காரன் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு. உன் மூஞ்சியப் பாத்தா எவனும் நம்பிடுவான்."

நம்பினார்கள், ஒருநாளைத் தவிர. அன்றைக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வாட்சைக் கட்டி, மேலே முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். மொத்தம் பதினெட்டு. மணிக்கு ஒருதரம் கீச் கீச் என்று கத்துகிற வகை. அதை நிறுத்தி வைக்க மறந்துபோனேன். மெட்ராஸ் ஏர்போர்ட் வரிசையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை ஆக இன்னும் ஒரு நிமிஷம். அப்பாடா, ஒரு மணி அடிப்பதற்குள் வெளியே போய்விடலாம் என்று மூச்சு விட்டேன்.

வாட்செல்லாம் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸில் பன்னிரண்டரை என்றால் சிங்கப்பூரில் சரியாக மூன்று மணி.

ஒரே சமயத்தில் கத்தியிருந்தாலாவது இருமிச் சமாளித்திருப்பேன். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வினாடி முன்னே பின்னே ஓடியது. இடது முழங்கையில் ஆரம்பித்து வலது மணிக்கட்டு வரைக்கும் ஒன்று விட்டு ஒன்றாகக் கத்திக்கொண்டே போனது. ஆபீசர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா அது?"

"ஒண்ணுமில்ல சார்."

கீச் கீச்.

"ஒண்ணுமில்லயா?"

"வயிறு சரியில்ல சார்."

அந்த அறையில் என்னை மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். வாட்செல்லாம் போனது. அதோடு குருவி வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வேலை பெர்மிட் எடுத்துக் காதர் பாய் கடையிலேயே வேலைக்கு நின்றேன். ஆனால் அந்த ஒரு சட்டம் மட்டும் உடம்பில் ஊறிவிட்டது. கேட்டால் ஒண்ணுமில்லை. சொல்லாத வரைக்கும் சாமான் இல்லை.

4

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டிவிட்டார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது, நடுவில் ஒரு பட்டன். ஒரு வாரம் கழற்றக் கூடாது. தலை சுற்றினாலோ கண் இருட்டினாலோ அந்தப் பட்டனை அமுக்கவேண்டும். நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது டிக்ளரேஷன் பாரம். அமுக்கினால் சாமான் இருக்கிறது என்று அர்த்தம். அமுக்காவிட்டால் ஒண்ணுமில்லை.

அந்த வாரத்தில் எனக்கு நாலைந்து தடவை கண் இருட்டியது. ஒரு தடவைகூட அமுக்கவில்லை. சட்டைக்குள் சாமான், மேலே சிரித்த முகம். பழைய தொழில் அல்லவா, ஒரு வாரம் அசையாமல் கொண்டுபோய்விட்டேன்.

வியாழக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவுக்கு, காதர் பாய் கடைக்குப் போனேன். டூ இன் ஒன் குவிந்திருந்த இடத்தில் இப்போது போன் உறையும் சார்ஜர் ஒயரும் தொங்குகிறது. பாய்க்கு எழுபத்தொன்று. முட்டி தேய்ந்து போய் உட்கார்ந்த இடத்திலேயே வியாபாரம். என்னைப் பார்த்ததும், கடையில் நின்ற ஒரு ஊர்க்காரத் தம்பியிடம் என் பதினெட்டு வாட்ச் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"வயிறு சரியில்லன்னானாம்! வயிறு மணிக்கு ஒருதரம் கத்துமாம்!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கடையின் விளக்கு மங்கியது. கரண்ட் போய்விட்டதா என்று நினைத்தேன், சிங்கப்பூரில் ஏது அதெல்லாம். சத்தம் தூரமாகப் போனது. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி விளக்கு வந்தபோது பாய் சிரிக்கவில்லை.

"டேய் மாரி. மூஞ்சி சாம்பலாப் போச்சே."

"ஒண்ணுமில்ல பாய், சிரிச்சதுல மூச்சு வாங்குது."

"நெஞ்சுல பட்டன் இருக்குன்னியே, அமுக்குடா."

"சும்மா இருங்க பாய். அமுக்கினா புடிச்சு உள்ள வச்சுருவான். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான?"

 பாய் அந்தத் தம்பியை அனுப்பித் தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. தான் சொன்ன சட்டத்தை நாற்பது வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டவுடன் அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

5

டாக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொண்ணு. பிரியா வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் என்பதால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறமாதிரி பேசுவாள், நடுநடுவே இங்கிலீஷ். இடி விழுகிற சேதியையும் அதே குரலில்தான் சொல்வாள்.

"அங்கிள், வியாழக்கிழமை காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

எனக்கு வியர்த்துவிட்டது. போலீஸ்காரன்கூட நிமிஷக் கணக்கு கேட்டதில்லை.

"ஒண்ணும் பண்ணலயேம்மா. ப்ரெண்டு கடையில சும்மா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

திரையை என் பக்கம் திருப்பினாள். பச்சைக் கோடு முள் முள்ளாக ஓடி வந்தது. ஓடி வந்து, நேராகப் படுத்துவிட்டது. மழை பெய்த வயலில் வரப்பு போட்டமாதிரி ஒரே நேர்கோடு. அப்புறம் ரொம்ப தூரம் தள்ளி மறுபடி ஒரு முள்.

"இது ஆறு செகண்ட். இந்த ஆறு செகண்டும் உங்கள் இதயம் துடிக்கவில்லை. இந்த வாரத்தில் மொத்தம் ஒன்பது தடவை இப்படி. தூக்கத்திலும் உண்டு. நீங்கள் ஒரு தடவைகூட பட்டன் அழுத்தவில்லை. ஏன்?"

"நான் டிக்ளேர் பண்ணலம்மா."

"சாரி?"

சரோஜாவுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "தெரிஞ்சே அமுக்கலயா?"

டாக்டர் பொண்ணு பொறுமையாகச் சொன்னாள். "அங்கிள், பட்டன் நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரிவதற்காக. மெஷின் ஆல்வேஸ் ரெக்கார்டிங். நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்."

எனக்கு அந்த நேர்கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நான் பாய் கடையில் சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே ஆள் இல்லை. வாய் மட்டும் கடை திறந்து வைத்திருக்கிறது, முதலாளி கிளம்பிப் போய்விட்டார்.

மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சத்து மாத்திரை அளவுதான், பளபளவென்று இரும்பு நிறம். இதைத்தான் தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாக மேலே அனுப்பி இதயத்துக்குள் வைக்கப்போகிறார்களாம். இதயம் நின்றால் இது தட்டி எழுப்புமாம். உள்ளேயே பேட்டரி, உள்ளேயே கம்ப்யூட்டர், வெளியே பேசுவதற்கு ரேடியோ.

"ரேடியோவா? இதுக்குள்ளயா?"

"ஒரு வகையில், ஆமாம்."

தோளில் ரேடியோ தூக்கிக் கழுத்து சுளுக்கிய ஆள் நான். அந்த மாத்திரையைக் கையில் வைத்திருக்கும்போது கனமே தெரியவில்லை. ஒரு ஆள் ஆயுசுக்குள் இவ்வளவு தூரமா வந்துவிட்டார்கள்? நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எங்கே போயிருந்தேன்?

"எனக்கு வேணாம்மா" என்றேன். எழுந்து கதவைத் தேடினேன். கதவு தானாகத் திறந்து எனக்கு வழிவிட்டது. அதுகூட அன்றைக்குப் பிடிக்கவில்லை.

6

சரோஜா சிங்கப்பூரில் பிறந்தவள். செம்பவாங் பக்கம். பதினெட்டு வயதில் எலக்ட்ரானிக் பேக்டரியில் லைனுக்குப் போனவள், இருபத்திரண்டு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லு மேலே ஒட்டியவள். நான் சுமந்த சாமானுக்குள்ளே இருந்ததெல்லாம் இவள் மாதிரிப் பெண்கள் ஒட்டியதுதான். எங்கள் முதல் சந்திப்பே பாய் கடையில். நான் ஒரு ரேடியோவை ஆகா ஓகோ என்று விற்றுக்கொண்டிருந்தேன். அவள் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "இத நாங்க ரிஜெக்ட் ட்ரேல போடுவோம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னை ஏன் அந்த ட்ரேயில் போடவில்லை என்று இன்றுவரை தெரியாது.

மெஷின் வேண்டாம் என்று நான் வந்ததிலிருந்து வீட்டில் சண்டை.

"பேட்டரி போட்ட சாமான் எதாச்சும் நம்ம வீட்டுல ஒழுங்கா நின்னிருக்கா? ரிமோட்டையே ரெண்டு தட்டு தட்டித்தான் டிவி போடறோம். என்னயும் தட்டுவியா?"

"தட்டுவேன். நல்லாவே தட்டுவேன்."

"நான் வித்த சாமான் எல்லாம் செத்தத நான் பாத்திருக்கேன் சரோ."

"நீங்க வித்தது அப்படி. இது ஆஸ்பத்திரி சாமான் லா. ஒரு தூசி விழுந்தா மொத்த ட்ரேயையும் தூக்கிப் போடுவாங்க. அங்க உக்காந்து செய்றவங்களும் மனுஷங்கதான், பாத்துத்தான் செஞ்சிருப்பாங்க."

"அதான் பயமே. மனுஷங்க." விடாமல் கேட்டேன். "உண்மையச் சொல்லு. ஒரு நாளாச்சும் தூக்கக் கலக்கத்துல ஒட்டினதில்லயா நீ?"

 வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது.

"ஒருநாள். பிரியாவுக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா முழிச்சுட்டு காலைல லைனுக்குப் போனேன். மதியம் போல சந்தேகம் வந்துருச்சு, எதுல கோட்ட விட்டேன்னு தெரியல. அன்னிக்கு செஞ்சது அத்தனையும் நானே ரிஜெக்ட்ல போட்டேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் திட்டினான்." மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "திட்டட்டும். யாரு வீட்டுக்குப் போற சாமானோ."

நான் அதற்கும் மசியவில்லை. பிரியா வீடியோவில் வந்து அரை மணி நேரம் இங்கிலீஷில் விளக்கினாள். கடைசியில் தமிழில் "ப்ளீஸ் பா" என்று சொல்லிவிட்டு அழுதாள். படம் அப்படியே நின்றுபோனது. லைன் கோளாறா, அவள் அசையாமல் இருந்தாளா, தெரியவில்லை.

சரோஜா அழவில்லை. அவள் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டாள். நான் குளிக்கப் போனால் பாத்ரூம் கதவுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நிமிஷத்துக்கு ஒருதரம் குரல் வரும்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்டி, சோப்பு போட விடு."

கோயிலுக்குப் போவதை விட்டாள், தேக்கா மார்க்கெட் போவதை விட்டாள். வாட்சுக்கு நான் விழுந்தால்தான் தெரியும், இவள் விழுவதற்கு முன்னாலிருந்தே காவல். இரண்டு வாரம் இப்படி. ஒருநாள் எனக்குக் குசும்பு. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "இருக்கீங்களா?" என்றாள். நான் பதில் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இரண்டாவது தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கதவுப் பூட்டில் ஏதோ கரகரவென்று சுரண்டுகிற சத்தம்.

திறந்தேன். தரையில் மண்டிபோட்டிருந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர். கம்பி ஒட்டிய கை அது, இருபத்திரண்டு வருஷம் நடுங்காத கை. அந்த ஸ்க்ரூவின் வெட்டில் முனையை வைக்க முடியாமல் பூட்டைச் சுற்றிக் கோடு கோடாகக் கீறிவைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து முக்காலியை நேராக வைத்து மறுபடி அதில் உட்கார்ந்தாள்.

"குளிச்சு முடிங்க" என்றாள்.

இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு, "டாக்டருக்குப் போன் போடு, வச்சுக்கறேன்" என்றேன்.

7

வைக்கும்போது என்னைத் தூங்கவைக்கவில்லை, தொடையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். சுற்றிலும் திரை. அதில் என் இதயம் கறுப்பு வெள்ளையில் ஆடுகிறது. அதை நோக்கி ஒரு கம்பி ஊர்ந்து போகிறது. நான் வாய் ஓயாமல் பேசினேனாம். நர்சின் சொந்த ஊர், மணிலாவில் மாம்பழம் என்ன ருசி, எல்லாம் கேட்டேனாம். பயத்தில் பேசியது எனக்கு ஞாபகமில்லை. "இப்பொழுது பொருத்திவிட்டேன்" என்று அந்தச் செய்திக் குரல் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. கொசு உட்கார்ந்தால்கூடத் தெரியும்.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷமும் நான் எதைப் பார்த்தாலும் பயப்படுகிறேன். இன்டக்ஷன் அடுப்புக்குப் பக்கத்தில் போக மாட்டேன். காந்தம் ஒட்டிய பிரிட்ஜ் கதவைக் கை நீட்டித்தான் திறப்பேன். போனைச் சட்டைப் பையில் வைப்பதில்லை, இப்போதுகூட எட்டப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். நான் தூங்கும்போது உள்ளே இருப்பது அதோடு பேசும், அது ஆஸ்பத்திரியோடு பேசும். என்னைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமெல்லாம் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

நடுவில் திருச்சிக்கு ஒருதரம் போய் வந்தேன். நெஞ்சில் மெஷின் இருப்பதாக ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். ஏர்போர்ட் சோதனை வரிசையில் என் முறை வருவதற்கு முன்னாலேயே அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "சார், உடம்புக்குள்ள எலக்ட்ரானிக் சாமான் இருக்கு சார்" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் டிக்ளரேஷன். சோதனை செய்ய நின்ற இளைஞர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்கய்யா, ஓரமாப் போங்க" என்றார்.

8

நேற்று செக்கப்புக்கு சரோஜாவும் வந்தாள். படுக்கவைத்து, நெஞ்சின் மேல் வட்டமாக ஒன்றை வைத்தார்கள். டாக்டர் பொண்ணு கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர்.

"பேட்டரி நன்றாக இருக்கிறது அங்கிள். இப்போது ஒரு டெஸ்ட். மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். உங்கள் சொந்த இதயம் எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்கலாம்."

"எடுத்துக்கலன்னா?"

"உடனே ஏற்றிவிடுவேன். டோன்ட் வொர்ரி."

திரையை விரலால் தொட்டாள். நிமிஷத்துக்கு அறுபது துடிப்பிலிருந்து ஐம்பது. ஒன்றும் தெரியவில்லை. நாற்பது. படியில் ஒன்று விட்டு ஒன்று இறங்குகிறமாதிரி உள்ளே ஒரு தடுமாற்றம். முப்பது.

ஒரு முள். அப்புறம் திரையில் நேர்கோடு. நான் அடுத்த முள்ளுக்காகக் காத்திருக்கிறேன். வந்தது. மறுபடி நேர்கோடு. காதில் பஞ்சு வைத்தமாதிரி ஆனது, கால்விரலெல்லாம் சில்லிட்டது. நடுவில் என்னுடையது ஏதாவது வருமா என்று பார்த்தேன். அறுபத்தாறு வருஷம் அடித்த இதயம், ஒரு சின்ன முள்ளாவது காட்டக் கூடாதா? வரவே இல்லை. வந்ததெல்லாம் மெஷினுடையது.

"ம்ம். உங்களுடைய சொந்தத் துடிப்பு வரவில்லை. ஸோ, இப்போது முழுக்க மெஷின்தான் அங்கிள்" என்றாள். ஏற்றுவதற்கு விரலைக் கொண்டுபோனாள்.

அப்போது கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, அடுத்த ஆளின் ரிப்போர்ட் பற்றி ஏதோ இங்கிலீஷில் கேட்டாள். டாக்டர் பொண்ணு அவள் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். நாலு வார்த்தைதான் இருக்கும். விரல் திரைக்கு ஒரு அங்குலம் மேலே, அந்தரத்தில் நின்றது. அந்த விரலின் நகத்தில் இளஞ்சிவப்புச் சாயம், ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருந்தது. அதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். பயம் வந்தால் ஆடுகிற வாய், அதிலிருந்து சத்தம் வரவில்லை.

"டாக்டர்."

சரோஜாவின் குரல். கத்தவில்லை. பேக்டரி லைனில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுகிற குரல்.

"மொதல்ல அத அமுக்குங்க. பேச்சு அப்புறம்."

டாக்டர் திரும்பினாள். விரல் இறங்கியது. முள், முள், முள். வெளிச்சம் திரும்பி வந்தது.

"சாரி ஆன்ட்டி. முப்பதிலும் மெஷின் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது, ஹி வாஸ் சேஃப்."

"காப்பாத்துச்சும்மா. நான் மெஷின ஒண்ணும் சொல்லல. நீங்க கதவப் பாத்தீங்க, நான் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

 அந்தப் பொண்ணு எழுந்து போய்க் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு வந்து, மீதி டெஸ்ட்டைச் செய்தாள்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சரோஜா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆசையாகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் இரண்டு விரல் என் மணிக்கட்டில் நாடி மேல் இருக்கிறது. உதடு அசைகிறது.

"என்ன எண்ணற? மெஷின்தான் அடிக்குது, அதுக்குக் கணக்கு தப்பாது."

"பேசாம வாங்க. விட்டுப் போயிடும்."

ஈசூன் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.